‘வேண்டாம்’ என்றால் கேட்போமா? அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு உரிமை சொல்லிக் கொடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை டவுனில் சனிக்கிழமை காலைகளில் ஒரு மண்டபத்தின் பின்பக்க அறையில் கூடுகிறோம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள், மழை என்றால் ஆறு பேர். உப்புவெளி, சாம்பல்தீவு, தம்பலகாமம், கிண்ணியா என்று பல பக்கத்திலிருந்தும் வருகிறார்கள், எல்லோருமே 18 வயதைத் தாண்டியவர்கள், மூத்தவருக்கு 43. எனக்கு என்ன உரிமை இருக்கிறது, அதை நானே வாய்திறந்து எப்படிக் கேட்பது, இதுதான் பாடம். கூட்டிக்கொண்டு வரும் அம்மா அப்பாமார் கதவடியில் நின்று கேட்கும் கேள்விகள் வருடக்கணக்காக ஏறக்குறைய அதேதான். ஒவ்வொரு முறையும் அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்புவது மனசுக்குச் சரியாகப் படவில்லை, அதனால் எழுதிவிட்டேன்.

உரிமை, சட்டம் என்றெல்லாம் சொன்னால் இவர்களுக்கு விளங்குமா?

சொல் விளங்காமல் போகலாம், விஷயம் விளங்கும். முதல் வகுப்பில் எல்லோருக்கும் பால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தோம். ஒருவர், அப்போது அவருக்கு 34 வயது, கப்பை விரல் நுனியால் மேசையின் ஓரத்துக்கு மெல்லத் தள்ளிவிட்டார். "வேண்டாமா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். அம்மா, "குடிப்பான், குடிப்பான், வீட்டில ஒவ்வொரு நாளும் குடிக்கிறவன்தானே" என்றார். அவரும் குடித்தார். அடுத்த கிழமை இரண்டு ஃபிளாஸ்க் வைத்தோம், ஒன்றில் பால் தேத்தண்ணி, மற்றதில் பால் இல்லாத பிளேன்ரீ. அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு எது வேண்டுமென்று காட்டச் சொன்னோம். பிளேன்ரீயைக் காட்டினார். அதற்கு அடுத்த கிழமையும், அதற்கு அடுத்த கிழமையும் பிளேன்ரீதான். அந்த அம்மா நல்ல அம்மா, மகனை உயிராக வளர்த்தவர், ஆனால் அத்தனை வருடத்தில் யாருமே அவரிடம் கேட்டதில்லை.

உரிமையை நாங்கள் அந்தக் கப்பில் இருந்துதான் தொடங்குகிறோம்.

அறிவுசார் குறைபாடும் மனநோயும் ஒன்றா?

இல்லை. கற்பதற்கும், புதிதாக ஒன்றை விளங்கிக்கொள்வதற்கும், காசு நேரம் போன்ற அன்றாட விஷயங்களைச் சமாளிப்பதற்கும் கூடுதல் நேரமும் உதவியும் தேவைப்படுவது அறிவுசார் குறைபாடு, அது பிறப்பிலோ சிறுவயதிலோ தொடங்குவது. டவுன் சின்ட்ரோம் என்ற பிறவி நிலை அதற்கு ஒரு காரணம், காரணமே கண்டுபிடிக்க முடியாதவர்களும் கனபேர். மனநோய் யாருக்கும் எந்த வயதிலும் வரலாம், சிகிச்சையால் குணமாகவும் கூடும். இரண்டும் ஒருவரிடமே இருக்கவும் கூடும், அது வேறு கதை. ஊரில் இரண்டையும் சேர்த்து ‘விசர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எங்கள் அறையில் அந்தச் சொல்லுக்கும் ‘மொக்கு’ என்ற சொல்லுக்கும் இடமில்லை. இதை நான் போட்ட சட்டமென்று நினைக்க வேண்டாம், அவர்களே இரண்டாவது மாதத்தில் கூடிக் கதைத்துப் போட்டது.

35 வயதானவரைப் ‘பிள்ளை’ என்று சொன்னால் என்ன பிழை? அன்பாகத்தானே சொல்கிறோம்?

அம்மா சொல்வதில் பிழையில்லை, எந்த அம்மாவுக்கும் பிள்ளை பிள்ளைதான். பிரதேச செயலகத்தில் இருப்பவரும் பஸ் கண்டக்டரும் டொக்டரும் சொல்லும்போதுதான் பிரச்சினை. பிள்ளையிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை, சம்பளம் பேசுவதில்லை. நாங்கள் அண்ணா, அக்கா, தம்பி, தங்கச்சி என்று வயதுக்கேற்பக் கூப்பிடுகிறோம், கிண்ணியாவில் இருந்து வருபவர்களை நானா, ராத்தா என்று. முதல்முறை ஒருவரை நானா என்று கூப்பிட்டபோது அவர் சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இலங்கைச் சட்டத்தில் உண்மையில் என்ன இருக்கிறது?

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம். வேலைக்கு எடுப்பதிலோ கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதிலோ குறைபாட்டைக் காரணம் காட்டி ஒதுக்கக்கூடாது என்று அது சொல்கிறது, மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதே சட்டம் மாற்றுத்திறனாளி யார் என்று சொல்லும் இடத்தில், தன் வாழ்க்கைத் தேவைகளைத் தானாக முழுமையாகவோ பகுதியாகவோ நிறைவேற்றிக்கொள்ள முடியாதவர் என்கிறது. வரைவிலக்கணத்திலேயே ‘முடியாதவர்’. எனக்கு அந்த வரியில் உடன்பாடு இல்லை.

அதைவிட நல்லது மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயம். இலங்கை 2007இல் கையொப்பமிட்டு 2016இல் உறுதிப்படுத்தியது. அதன் 12ஆம் உறுப்புரைதான் எங்களுக்கு முக்கியம். சட்டத்தின் முன் எல்லோரும் சமமான ஆட்கள், முடிவெடுக்க ஒருவருக்கு உதவி தேவையென்றால் அரசு அந்த உதவியைக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். உதவி தேவைப்படுகிறது என்பதற்காக முடிவெடுக்கும் உரிமையைப் பறிக்கக்கூடாது, அவ்வளவுதான். அரச வேலை வெற்றிடங்களில் 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988இலேயே ஒரு சுற்றறிக்கை வந்தது, அதன் இலக்கம் 27/88. அதை வைத்துக்கொண்டு வேலை கேட்டுப் போகும் அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவரை நான் இன்னும் கூட்டிப்போய்ப் பார்க்கவில்லை, கூட்டிப்போக வேண்டும்.

இலக்கங்களை வகுப்பில் சொல்வதில்லை, உங்களுக்காகத்தான் இங்கே எழுதுகிறேன். வகுப்பில் சுவரில் படத்தோடு ஒட்டியிருப்பது சின்ன வரிகள்: என் உடம்பு என்னுடையது. என்னிடம் கேளுங்கள். எனக்கு விளங்கும்படி சொல்லுங்கள். என் காசு எங்கே என்று நான் கேட்கலாம். நான் மனம் மாறலாம்.

சரி, எப்படிப் படிப்பிக்கிறீர்கள்?

பேசிப் படிப்பிப்பது குறைவு, செய்துதான் படிப்பிக்கிறோம். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு விஷயம், அது போதும். உதாரணத்துக்கு பஸ். கதிரைகளை இரண்டு இரண்டாகப் போட்டு, ஒருவர் பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு கண்டக்டர் ஆவார், எல்லோருக்கும் கண்டக்டராக ஆசை. மூன்று கிழமை அறைக்குள் இதே நாடகம். நான்காவது கிழமை உண்மையான பஸ், நிலாவெளிப் பக்கம் போகிற பஸ். முதலே பேசி வைத்துக்கொண்டோம், கண்டக்டர் என்னிடம் கேட்டால் நான் யன்னலுக்கு வெளியே பார்ப்பேன், பதில் சொல்ல மாட்டேன். அவர் வந்து, எதிர்பார்த்த மாதிரியே என்னிடம், "இவர் எங்க இறங்கிறார்?" என்றார். நான் யன்னலைப் பார்த்தேன். பஸ் உப்புவெளி தாண்டுகிறது, கண்டக்டர் நிற்கிறார், பின்னால் இருந்து யாரோ பெருமூச்சு விடுகிறார்கள். வாயைத் திறக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் பக்கத்தில் இருந்து, "எனக்கு ஒண்டு. சாம்பல்தீவுச் சந்தி" என்று குரல் வந்தது, கையில் நீட்டிய தாளோடு. கண்டக்டர் டிக்கெட்டை அவரிடமே கொடுத்தார், மிச்சத்தையும் அவரிடமே.

காசுக்கு எண் தெரிய வேண்டுமென்று கட்டாயமில்லை. நம் தாள்களுக்கு நிறம் இருக்கிறது, 50 நீலம், 100 செம்மஞ்சள், 500 ஊதா, 1000 பச்சை, 5000 பொன்னிறம். ‘ஊதா கொடுத்து ஒரு பணிஸ் வாங்கினால் மிச்சம் வரும்வரை கடை வாசலில் இருந்து நகர வேண்டாம்’ என்பதை நான்கே வாரத்தில் பழகியவர்கள் இருக்கிறார்கள். பத்து வருடம் ஒன்று இரண்டு எண்ணப் பழக்கி வராதது அது.

இன்னொன்று, அவர்களுக்கு வாசிக்கக் கொடுப்பதைச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள், ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம், பெரிய எழுத்து, பக்கத்தில் படம். கார்ட்டூனைவிட உண்மையான போட்டோ நல்லது. பிரதேச செயலகம் என்றால் நம் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தின் வாசலையே போனில் எடுத்து ஒட்டுங்கள். எழுதியதை அச்சடிக்க முன் அவர்களில் இரண்டு பேரிடம் காட்டி விளங்குகிறதா என்று கேட்க மறக்கக்கூடாது. நான் ‘சுலபம்’ என்று நினைத்து எழுதிய பாதி, அவர்கள் கையில் திரும்பி வந்திருக்கிறது.

என் மகளுக்குப் பேச்சே வராது. அவளுக்கு இந்த வகுப்பால் என்ன பயன்?

பேச்சு வராதவர்கள் காலையில் இருந்து இரவுவரை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முகத்தைத் திருப்புவது, கையைத் தட்டிவிடுவது, ஒரு ஆள் வந்தால் மட்டும் அறைக்குள் போய்விடுவது எல்லாம் பேச்சுத்தான். எங்களிடம் வரும் ஒரு தங்கச்சி போதும் என்றால் டம்ளரைக் கவிழ்த்து வைப்பார். சாப்பாட்டுக்கு மட்டுமில்லை, வகுப்பு நீண்டாலும் போய் ஒரு டம்ளரைக் கவிழ்ப்பார், நான் நிறுத்திவிடுவேன். வீட்டில் இருக்கும் எல்லோரும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: இப்படிச் செய்தால் இது அர்த்தம். அப்புறம் படக் கார்டுகள், போனில் உள்ள போட்டோக்கள். ‘ஆம்’, ‘வேண்டாம்’, ‘உதவி’, ‘நிறுத்து’ என்ற நான்கும் முதலில். கனபேர் ‘சாப்பாடு’, ‘தண்ணி’, ‘டொய்லட்’ என்று மட்டும் கார்டு செய்து கொடுக்கிறார்கள். கேட்பதற்கு மட்டும் வழி வைத்து, மறுப்பதற்கு வழி வைக்காமல் விட்டுவிடுகிறோம்.

‘வேண்டாம்’ சொல்லப் பழக்கினால் வீட்டில் ஒன்றுக்கும் அடங்க மாட்டார்களே? குளிக்க, மருந்து குடிக்க எல்லாம் வேண்டாம் என்றால்?

கொஞ்ச நாள் கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். வாழ்க்கையில் முதல்முறை ஒரு சொல் வேலை செய்கிறது என்று கண்டவர் அதை எல்லா இடத்திலும் சொல்லிப் பார்ப்பார். இரண்டு மூன்று மாதத்தில் அது அடங்கும், ஆனால் ஒரு நிபந்தனை, சில ‘வேண்டாம்’களாவது உண்மையில் நிறைவேற வேண்டும். எதைச் சொன்னாலும் நடக்காது என்றால்தான் ஆள் கத்துகிறார், அடிக்கிறார், பொருளை எறிகிறார். அதைப் பிடிவாதம் என்கிறோம்.

வலிப்பு மருந்து குடிக்கத்தான் வேண்டும், அதில் தெரிவு இல்லை என்பதை நேரே சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். ஆனால் தண்ணியோடா பழத்தோடா, சாப்பாட்டுக்குப் பிறகு உடனேயா பல்லு விளக்கின பிறகா என்பதெல்லாம் அவருடையது. குளிப்பதிலும் அப்படித்தான், கிணற்றடியிலா பாத்ரூமிலா, இப்பவா நாடகம் முடிந்த பிறகா. முடிவெடுத்துவிட்டுக் கேட்பதுபோல் நடிக்க மட்டும் வேண்டாம். கேட்டால் பதிலைக் கேளுங்கள், கேட்க முடியாது என்றால் கேள்வி கேட்காதீர்கள்.

பெண் பிள்ளை. பாதுகாப்புத்தான் பயம். இதையெல்லாம் பழக்கினால் ஆபத்துக் கூடாதா?

எல்லோர் சொல்லையும் கேட்கும் பிள்ளைக்குத்தான் ஆபத்துக் கூட. இதை நான் மிகவும் அழுத்திச் சொல்கிறேன். பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும், மாமா மடியில் இரு என்றால் இருக்க வேண்டும், கன்னத்தைக் கிள்ளினால் சிரிக்க வேண்டும் என்று இருபது வருடம் பழக்கிவிட்டு, கெட்டவன் வரும்போது மட்டும் மறுக்க வேண்டுமென்றால் எங்கிருந்து வரும்? கெட்டது செய்பவர் பெரும்பாலும் தெரிந்த ஆள். உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், தினமும் ஏற்றி இறக்கும் ஓட்டோக்காரர், பராமரிக்கும் ஆள். ஆண்களுக்கும் இதே ஆபத்து இருக்கிறது, அதை யாரும் கேட்பதே இல்லை.

அதனால் உடம்பின் எல்லாப் பாகங்களுக்கும் சரியான பெயரைச் சொல்லிக் கொடுங்கள், வெட்கப்பட்டு ‘அது’ என்று சொன்னால் பின்னால் ‘அது’ என்றுதான் அவர்களும் சொல்வார்கள், பொலிஸில் ஒருவருக்கும் விளங்காது. குளிக்க உதவும்போது, உடுப்பு மாற்ற உதவும்போது, "தொடட்டுமா?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஊருக்கு வந்த சித்தப்பாவைக் கட்டிப்பிடிக்க விருப்பமில்லை என்றால் கைகூப்பி வணக்கம் சொன்னால் போதும் என்று நீங்களே சபையில் சொல்லுங்கள். யாராவது ‘இதை அம்மாவிடம் சொல்லாதே’ என்றால் உடனே சொல்ல வேண்டிய விஷயம் அதுதான் என்று திரும்பத் திரும்ப நாடகமாக நடித்துப் பழக்குங்கள். ஏதாவது நடந்துவிட்டால் 119 பொலிஸ், 18 வயதுக்குக் கீழ் என்றால் 1929, பெண்கள் உதவிக்கு 1938. முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேட்பது உங்கள் உரிமை, கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிர்வாக மொழி. விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்துப் போட வேண்டாம்.

மாதவிடாய்ச் சிரமத்துக்காகக் கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா என்று அம்மாமார் தாழ்ந்த குரலில் கேட்பதுண்டு, யாரோ யோசனை சொல்லியிருப்பார்கள். சமவாயத்தின் 23ஆம் உறுப்புரை, மற்றவர்களைப் போலவே தங்கள் கருவளத்தை வைத்திருக்கும் உரிமை இவர்களுக்கும் உண்டு என்கிறது. துணி மாற்றப் பழக்குவது மாதக்கணக்கில் ஆகும், ஆனால் பழகுகிறார்கள். எங்கள் அக்காமார் அதை ஒரு பொம்மையிலும் சிவப்பு மையிலும் தொடங்கிப் பழகினார்கள். அப்புறம் இன்னொன்று, கர்ப்பப்பையை எடுத்தாலும் துஷ்பிரயோகம் நிற்காது, தடயம்தான் இல்லாமல் போகும்.

பிழையான முடிவெடுத்தால்?

எடுப்பார்கள், நாங்கள் எடுக்காததா? எங்களில் ஒருவர், பொதி செய்யும் வேலையில் கிடைத்த முதல் சம்பளத்தில் பெரும்பங்கைக் கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் உள்ள கடைகளில் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் வாங்கி முடித்தார். வீட்டில் சண்டை. நாங்கள் அவரோடு உட்கார்ந்து உறைகள் செய்தோம், பஸ் உறை, வீட்டு உறை, என் விருப்ப உறை. அடுத்த மாதம் விருப்ப உறையில் இருந்து மட்டும் எடுத்தார். கண்ணாடியை இன்னும் போடுகிறார், அவருக்கு வடிவாகத்தான் இருக்கிறது.

காணி, கடனுக்குப் பிணை, வங்கிக் கையெழுத்து போன்ற திரும்பப் பெற முடியாத விஷயங்கள் வேறு. அங்கே அவர் நம்பும் இரண்டு பேர் பக்கத்தில் இருந்து, சின்னச் சின்னதாக விளக்கி, ஒரு இரவு விட்டு மறுபடி கேட்க வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருவராவது அந்தச் சொத்தில் பங்கில்லாதவராக இருக்கட்டும்.

வாக்குப் போடலாமா?

போடலாம். மனநிலை சரியில்லாதவர் என்று சட்டப்படி தீர்மானிக்கப்பட்டால்தான் அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரை வாக்காளர் தகுதியை எடுக்கிறது. டொக்டர் சீட்டில் உள்ள ஒரு சொல்லோ பக்கத்து வீட்டார் அபிப்பிராயமோ எடுக்காது. பல வீடுகளில் நடப்பது என்னவென்றால், கிராம உத்தியோகத்தரின் வாக்காளர் பதிவுப் படிவத்தில் பெயரையே போடாமல் விட்டுவிடுகிறார்கள். பெயரைப் போடுங்கள். 2024 ஜனாதிபதித் தேர்தலில் 38 பேர் போட்டியிட்டார்கள், நீளமான வாக்குச்சீட்டு, யாருக்கும் தலைசுற்றும். நாங்கள் பழம், பூ, பறவை சின்னங்களாகப் போட்டு ஒரு சீட்டுச் செய்து, அட்டைப்பெட்டியில் வாக்களித்து, சுற்றுலா எங்கே போவது என்று தீர்மானித்தோம். கன்னியா வெந்நீர் ஊற்று ஒரு வாக்கால் வென்றது. தோற்றவர் இருவர் கோபித்துக்கொண்டார்கள், பிறகு வந்து ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளிக் குளித்தார்கள்.

இப்படிப்பட்டவர்கள் தாங்களே முன்னுக்கு வந்து பேசியது எங்காவது நடந்திருக்கிறதா?

நிறைய. 1974இல் அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில், ‘முதலில் நாங்கள் மனிதர்கள்’ என்ற பொருளில் பெயர் வைத்துக்கொண்டு இவர்களே ஒரு இயக்கம் தொடங்கினார்கள், அது பல நாடுகளுக்குப் பரவியது. நியூசிலாந்தின் ரொபர்ட் மார்ட்டின் குழந்தையாக விடுதியில் விடப்பட்டு வளர்ந்தவர். 2016இல் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழுவுக்குத் தெரிவானார், அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் அந்தக் குழுவுக்குப் போனது அதுவே முதல்முறை. அவர் படத்தைச் சுவரில் வைத்திருக்கிறோம். யார் இவர் என்று கேட்பவர்களுக்குக் கதை சொல்வது இப்போது என் வேலை இல்லை, அவர்களே சொல்கிறார்கள்.

நம் ஊரில் டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் இவர்களை நடனமாடக் கூப்பிடுகிறார்கள். ஆடட்டும், ஆட விரும்புபவர்கள். மைக்கையும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள் என்று அழைப்பவர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

எங்களுக்குப் பிறகு யார்?

எல்லா அம்மாவும் கடைசியில் கேட்பது இதைத்தான், எனக்கும் லேசான பதில் இல்லை. ஆனால் அம்மாவை மட்டும் தெரிந்த ஒருவரைவிட, பத்துப் பேரைத் தெரிந்த ஒருவர் பத்திரமாக இருக்கிறார். கடைக்காரர், கிராம உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், ஓட்டோ ஓட்டும் நம்பிக்கையான ஒருவர், பக்கத்துத் தெரு அக்கா, இவர்களுக்கெல்லாம் அவரைப் பெயரோடு தெரிந்திருக்கட்டும். அடையாள அட்டை, அவர் பெயரில் வங்கிக் கணக்கு, மாதக் கொடுப்பனவுக்கான பதிவு, மூன்றையும் நீங்கள் நடமாடும்போதே முடித்துவிடுங்கள். ஒரு தாளில் அவர் குரலிலேயே எழுதி வையுங்கள்: எனக்குப் பிடித்தது, பிடிக்காதது, பயம் வந்தால் என்ன செய்வேன், என்னோடு எப்படிக் கதைக்க வேண்டும். பிளேன்ரீ என்பதையும் எழுதுங்கள். அண்ணன் தம்பிமாரிடம் பொறுப்பைக் கொடுக்க முன், அவர்களிடமும் இவரிடமும் சேர்த்து வைத்துக் கேளுங்கள்.

அலுவலகங்களில் எங்களிடம்தான் கேட்கிறார்கள். என்ன செய்வது?

ஒரு அடி பின்னால் நில்லுங்கள். "அவரிட்டயே கேளுங்கோ, ஐயா" என்று ஒருமுறை சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். மரியாதைக் குறைவாக நடத்தினால், சேவையை மறுத்தால், திகதியையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம், தொலைபேசி 1996.

வகுப்புக்கு வர என்ன கொண்டுவர வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். தேத்தண்ணி இரண்டு வகையும் இருக்கிறது. முதல் நாள் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த கிழமை வற்புறுத்திக் கூட்டி வராதீர்கள், நாங்கள் போன் எடுத்து அவரிடமே கேட்போம்.